பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்



"பொதுக் காரியம் என்றால் பணம் வேண்டும், நம்மிடம் பணம் படைத்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இக்கேள்வி எழுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இதற்கான விடை நம் நாட்டு வரலாற்றிலேயே உள்ளது. பால்மரம் வெட்டிப் பிழைத்த நம் முன்னோர் 1960ஆம் ஆண்டில் அவ்விடையைத் தந்தனர். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்த கதையே அது.

முதலில் அன்றைய சூழலைக் காண்போம். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது பெரிய ரப்பர் தோட்டங்கள் பல ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்தன. நாட்டின் எதிர்காலம் எவ்வாறு அமையுமோ என்ற ஐயத்தாலும், நிலத்திற்கு நல்ல விலை கிடைத்ததாலும் 1950ஆம் ஆண்டுகளிலேயே சில கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கிவிட்டன. வாங்கியவர்களுள் பலர் தோட்டத்தை நடத்தும் நோக்கத்தோடு வாங்கவில்லை. அதனைச் சில ஏக்கர் துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு விற்று இலாபம் பெறுவதே அவர்களது நோக்கம். இதனையே 'தோட்டத் துண்டாடல்' என்று அக்காலத்தார் அழைத்தனர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்துள்ளார். சிக்கலின் அளவை இதிலிருந்தே உணரலாம்.

தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு என்ன ஆகும்? ஐந்து ஏக்கர் வாங்கியவர் தம் குடும்பத்தாரைக் கொண்டே மரம் வெட்டிக்கொள்வார். அல்லது ஓரிருவரை மட்டும் அமர்த்துவார். எஞ்சியோர் வேலை இழப்பர். வேலை போனால் வீடும் போகும். ஏனெனில் லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தமானது. தண்ணீர், மருந்தகம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய நிர்வாகமே இல்லாமற் போய்விடும். கோயில் மட்டும் யாருடைய துண்டிலோ நின்றுகொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தின் நிலையும் இதுவே. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வசதி செய்துதர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகளுள் மிகப் பல இவ்வாறு தோட்ட நிலத்தில் தோன்றியவை. பிள்ளைகள் லயத்தை விட்டு வெளியேறினால் பள்ளி தானாகவே காலியாகும். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. துண்டாடல் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. சிறு பள்ளிகளின் இணைப்பு, நகர்ப்புறக் குடிபெயர்வு, தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறியமை ஆகியவையும் காரணங்களாகும். ஆயினும் நிலம் கைமாறும்போது பள்ளியும் ஆட்டம் காணும் என்பதை நம் முன்னோர் அன்றே கண்டுகொண்டனர்.

இச்சூழலில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவு வழியை முன்வைத்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர், அப்போது ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிட்டால் துண்டாடலுக்கே இடமில்லை என்பது அவரது எண்ணம். பங்கு ஒன்றின் விலை 100 வெள்ளி. ஆனால், நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று வெள்ளி கூலி பெறும் தொழிலாளியிடம் 100 வெள்ளியை ஒரே முறையில் கேட்க முடியுமா? எனவே மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்று வகுத்தனர். அந்தப் பத்து வெள்ளியும் மூன்று நாள் உழைப்புக்கு மேற்பட்ட தொகைதான். எனினும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்துவிடலாம். ஒருவரின் 100 வெள்ளி ஒரு தோட்டத்தின் மூலையைக்கூட வாங்காது. ஆயிரம் பேர் சேர்ந்தால் ஓர் இலட்சம் ஆகிறது. தோட்ட முதலாளியோடு விலை பேச உட்காரலாம்.

திட்டம் தாளில் இருந்தால் போதுமா? அமைச்சராக இருந்தும் சம்பந்தன், தம் துணைவியார் தோ புவான் உமா சுந்தரியுடன் தோட்டந்தோட்டமாக நேரில் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். கையில் காசு சேர்த்துப் பழக்கமில்லாதவர்கள், ஏமாற்றப்பட்ட அனுபவம் உள்ளவர்கள், படிப்பறிவு குறைந்தவர்கள் ஆகியோரின் நம்பிக்கையைப் பெறுவதற்கு நேர்முகச் சந்திப்பைவிடச் சிறந்த வழி ஏது? கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. தொடர்ந்து பல மாநிலங்களில் தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. 1979இல் சம்பந்தன் மறைந்த பின்னர், தோ புவான் உமா சுந்தரி சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார்.

இவ்வரலாற்றைப் புகழ்ந்து மட்டும் பேசுவது முறையாகாது. சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. விற்கப்பட்டவை மிகுதி, மீட்கப்பட்டவை குறைவு. பங்குதாரராகிவிட்ட தொழிலாளி மறுநாள் காலையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்காட்டுக்குத்தான் போனார். அவரது நாட்கூலி வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. இவற்றையும் நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது வரலாறாகும். இல்லையேல் வெறும் வாழ்த்துரையாகிவிடும்.

ஆசிரியர் என்ற முறையில் நான் இதில் காணும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, நோக்கம் கண்ணுக்குத் தெரிவதாக இருந்தது. 'சமுதாய முன்னேற்றம்' என்று பொதுப்படக் கேட்காமல், 'நீ வாழும் நிலத்தை வாங்க' என்று கேட்டனர். இரண்டாவது, தொகை கொடுப்பவரின் மாதச் சம்பளத்தை நோக்கி வகுக்கப்பட்டது. மூன்றாவது, கொடுத்தவர் நன்கொடையாளராக நின்றுவிடாமல் உறுப்பினரானார். கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குத்தான். ஆகவே கணக்குக் கேட்கும் உரிமை எளியவருக்கும் இருந்தது.

இது பழங்கதை அன்று. இன்றும் நம் பள்ளிகள் பல தனியார் நிலத்தில் நிற்கின்றன. அதனாலேயே அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாக உள்ளன. உங்கள் பள்ளி நிற்கும் நிலம் யாருடைய பெயரில் உள்ளது? அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புங்கள். விடை கவலை தருவதாக இருந்தால், பணக்காரர் ஒருவரைத் தேடி அலைவதற்கு முன், மாதம் பத்து வெள்ளி தரக்கூடிய பெற்றோர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதனோடு, மாதந்தோறும் வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.