லாவண்டர் தோட்டத்துக்கு இரண்டு பேரேடு

வடக்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு தீராத சங்கடம் உண்டு. இங்கே பிள்ளைகளுக்குப் பெரிய லீவு விடுவதே ஜூன் மாதத்தில்தான். அப்போது ஊருக்குப் போனால் அங்கே பள்ளிக்கூடம் திறந்து, அத்தை பிள்ளைகள் மாமா பிள்ளைகள் எல்லாம் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நம் பிள்ளை பாட்டியோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். ஜம்முவுக்கு மாற்றலாகி வந்த பிறகு ஜூன் மாத ஊர்ப் பயணத்தை நாங்கள் விட்டேவிட்டோம். அதற்காக ஜம்முவிலேயே கிடக்கவும் முடியாது. இந்த ஊர் வெயில் வேலூர் வெயிலுக்கு அண்ணன். மலை ஏறுவோம் என்று முடிவு செய்து இந்த வருடம் பதர்வா போனோம்.

பதர்வா டோடா மாவட்டத்தில் இருக்கிறது. ஜம்முவிலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம். பட்டோட்டில் பிரிந்து, செனாப் ஆற்றை ஒட்டியே புல் டோடா வரை போய், அங்கிருந்து மேலே ஏற வேண்டும். 'சோட்டா காஷ்மீர்' என்று செல்லப் பெயர். தேவதாருக் காடு, நீரு என்ற சிற்றாறு, வாசுகி நாகனுக்குப் பழைய கோயில் என்று எழுத நிறைய உண்டு. இன்றைக்கு லாவண்டர் மட்டும்.

நம்மில் பெரும்பாலோருக்கு லாவண்டர் என்றால் யார்ட்லி பவுடர் டப்பா. இல்லாவிட்டால் புடவைக் கடையில் காட்டும் ஒரு கலர். நம் ஊரில் அதையே கத்தரிப்பூ கலர் என்று சொல்லி முடித்துவிடுவோம். செடியைப் பார்த்தால் முட்டளவு உயரத்தில் புதர் புதராக, நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கிறது. தங்கமணி ஒரு காம்பைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு "திருநீற்றுப் பச்சிலைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கு" என்றார். தாவரவியல்படி அது சரிதான். துளசி, புதினா, திருநீற்றுப் பச்சிலை, லாவண்டர் எல்லாம் ஒரே குடும்பம்.

பிரச்சினையை ஆரம்பித்தது எங்கள் பெண். இங்கிலாந்தில் இருக்கும் அவள் மாமா, லண்டனுக்கு வடக்கே ஹிட்சின் என்ற ஊரில் லாவண்டர் பண்ணைக்குப் போன படங்களை அனுப்பியிருந்தார். அங்கே கையில் ஒரு கத்தரிக்கோலும் பையும் கொடுத்துவிடுவார்களாம். நீங்களே வெட்டி நிரப்பிக்கொள்ளலாம். "அப்பா, இங்கேயும் நாமே பறிக்கலாமான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். தோட்டக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் வங்கி ஆள் என்பது அதற்குள் தெரிந்துவிட்டதால் "பேங்க் சாப்" ஆகியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பெண்ணுக்கு ஒரு கைப்பிடி அறுத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "இது பூ இல்லை சாப், எண்ணெய்" என்றார்.

நூறு கிலோ பூவை வடித்தால் ஒரு கிலோ எண்ணெய் வரும். நல்ல வகையானால் ஒன்றரை கிலோ. அவருக்கு இருப்பது நாலு கனால், அதாவது அரை ஏக்கர். வருடத்துக்கு ஏழெட்டு லிட்டர். லிட்டர் 10,000 ரூபாய் அளவில் விலை போகிறது என்று அரசுத் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அறை ஒன்று கட்டி விருந்தினரைத் தங்க வைக்கலாமா, அதற்குக் கடன் கிடைக்குமா என்று கேட்டார். அவர் கணக்கு இருக்கும் கிளை வேறு, நான் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் பழக்கதோஷம். ஒரு தாளை வாங்கி இரண்டு பத்தி போட்டேன். ஒன்று எண்ணெய் வரவு, இன்னொன்று விருந்தாளி வரவு. முதல் பத்தியைக் கடகடவென்று சொன்னார். இரண்டாவதற்குப் பூஜ்யம் போடச் சொன்னார். அன்று காலையிலிருந்து இருபது கார் வந்திருக்கும். எல்லோரும் வரிசைக்குள் புகுந்து படம் எடுத்தார்கள், சில செடிகள் மிதிபட்டும் கிடந்தன. "மெஹ்மானிடம் யார் காசு வாங்குவார்கள்?" என்றார்.

அந்தப் பூஜ்யம் என்னை விடவில்லை. திரும்பி வந்து லாவண்டர் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். உலகத்தில் லாவண்டர் போட்டவர்கள் எல்லோருக்கும் முதலில் அந்தப் பத்தி பூஜ்யமாகத்தான் இருந்திருக்கிறது.

முதலில் பதர்வா கதை. ஜம்முவில் 1941-இல், சமஸ்தான காலத்திலேயே, மருந்து ஆராய்ச்சிக்கென்று ஒரு கூடம் தொடங்கினார்கள். கல்கத்தாவில் பணி முடித்து வந்த கர்னல் சர் ராம்நாத் சோப்ரா அதன் முதல் இயக்குநர். இந்திய மருந்தியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1957-இல் அது சி.எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்து மண்டல ஆராய்ச்சிக் கூடமானது. 2007-இல் ஐ.ஐ.ஐ.எம். என்று பெயர் மாறியது. மூலிகை, வாசனைச் செடி என்று பல பத்தாண்டுகள் அங்கே வேலை நடந்திருக்கிறது. லாவண்டரில் 'ஆர்.ஆர்.எல்.-12' என்று ஒரு வகையைத் தேர்ந்தெடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஆனால் அது விவசாயி வயலுக்குப் பெரிய அளவில் வந்தது 2016-17 வாக்கில், 'அரோமா மிஷன்' ஆரம்பித்த பிறகுதான். புதிதாகப் போடுகிறவர்களுக்கு நாற்று இலவசம். வடிக்கும் கருவியையும் அந்தக் கூடமே மலையில் கொண்டுபோய் வைத்தது. மக்காச்சோளம் போட்ட மேட்டு நிலம் மெல்ல ஊதாவாக மாறியது. மாடும் குரங்கும் இதைத் தொடுவதில்லை, தண்ணீரும் அதிகம் கேட்காது, ஒருமுறை நட்டால் பதினைந்து வருடம் வரை பலன். 2022 மே மாதம் பதர்வாவில் முதல் லாவண்டர் திருவிழா நடந்தது. 2024 குடியரசு தின அணிவகுப்பில் இதற்கென்று ஒரு அலங்கார ஊர்தியே டெல்லியில் ஓடியது.

இனி இங்கிலாந்து. இன்று லண்டனோடு ஒட்டிப்போன மிச்சம் என்ற ஊர் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் லாவண்டருக்குப் பேர் போனது. பாட்டர் அண்ட் மூர் என்ற வடிப்பு நிறுவனம் அங்கே 1749-இல் தோன்றியது. நம் ஊரில் மல்லி முழம் போட்டு விற்பது போல லண்டன் தெருக்களில் லாவண்டர் கட்டுகளைக் கூவி விற்றிருக்கிறார்கள். ஹிட்சினில் பெர்க்ஸ் என்ற மருந்துக்கடைக் குடும்பம் லாவண்டர் தண்ணீர் காய்ச்சியது. பிறகு நகரம் வளர்ந்து நிலத்தை விழுங்கியது, செடிக்கு 'ஷாப்' என்ற பூஞ்சை நோய் வந்தது, பிரான்சிலிருந்து எண்ணெய் மலிவாக வந்து இறங்கியது. மிச்சத்தில் இன்று ஊர்ப் பெயரும் நினைவும்தான் மிச்சம். (மன்னிக்கவும், எழுதாமல் இருக்க முடியவில்லை.) 1932-இல் நார்ஃபோக்கில் லின் சில்வர்ஸ் என்பவர் ஆறு ஏக்கரில் புதிதாகத் தொடங்கியதால் தொடர்பு முற்றிலும் அறுந்துபோகவில்லை.

'நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்' என்ற ஏற்பாடு லாவண்டருக்காகப் பிறந்தது இல்லை. பறிக்கக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத ஸ்ட்ராபெரிக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. 1960-களில் இங்கிலாந்தில் பரவியது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இதை நான் ரசிக்கிறேன். கூலி என்று செலவுப் பக்கம் நின்ற தொகை, நுழைவுச் சீட்டாகி வரவுப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது! ஹிட்சினில் பழைய எண்ணெய்த் தொழில் படுத்துப் பல காலம் கழித்து, மறுபடி லாவண்டர் நட்டவர்கள் இந்த வழியில்தான் நட்டார்கள்.

இதைவிட எனக்குத் தூக்கம் கெடுத்த கதை ஜப்பானில் இருக்கிறது. 1937-இல் சோடா என்ற வாசனைப் பொருள் நிறுவனம் பிரான்சிலிருந்து ஐந்து கிலோ லாவண்டர் விதை வரவழைத்தது. நல்ல குளிர் வேண்டும் என்பதால் அது வடகோடித் தீவான ஹொக்கைடோவில் வேர்விட்டது. நிறுவனம் எண்ணெயை வாங்கிக்கொள்ளும். விவசாயி பயிர் செய்வார். அங்கே நகாஃபுரானோ என்ற ஊரில் டோமிடா தடாவோ என்ற இளம் விவசாயி 1958-இல் கொஞ்சம் நிலத்தில் போட்டுப் பார்த்தார். 1970 வாக்கில் ஃபுரானோ வட்டாரத்தில் 230 ஹெக்டேருக்கு மேல் லாவண்டர். அப்போது அந்த ஊரில் வங்கி அதிகாரியாக இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்திருப்பேன்.

பிறகு இரண்டே மூன்று வருடம். ஆலையில் செய்த செயற்கை வாசனை மலிந்தது, இறக்குமதியும் தாராளமானது. 1973-இல் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். பயிரில் குறையில்லை, எண்ணெயிலும் குறையில்லை, வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். ஒவ்வொருவராக லாவண்டரை உழுது மடக்கி வேறு பயிருக்குப் போனார்கள். டோமிடாவும் உழத்தான் நினைத்தார், மனசு வரவில்லை. நெல்லில் வந்த வருமானத்தை வைத்துக்கொண்டு ஒரு வயலை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்.

1976-இல் ஜப்பான் ரயில்வேயின் காலண்டரில் அந்த வயலின் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, முதுகுப் பையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் படம் எடுப்பவர்கள், பிறகு இளைஞர்கள், பிறகு குடும்பங்கள். காய்ந்த பூவைச் சின்னத் துணிப்பையில் போட்டு விற்கலாம் என்று தோன்றியது அதற்குப் பிறகுதான். வாசனைப் பை, சோப்பு, எண்ணெய் என்று வளர்ந்தது. 1990-இல் தென் பிரான்சில் நடந்த போட்டியில் அவருடைய எண்ணெய் முதலிடம் பெற்றது. 1999 ஜூனில் பண்ணைக்குப் பக்கத்தில், கோடையில் மட்டும் ரயில் நிற்கும் தற்காலிக நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். பெயரே 'லாவண்டர் வயல்' நிலையம். பண்ணைக்குள் நுழைய இன்றும் கட்டணம் இல்லை. மெஹ்மானிடம் காசு வாங்காமலேயே இரண்டாவது பத்தியை நிரப்பியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பார்க்க இலவசம், வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் காசு.

இது பழைய கதைதானே என்று விட முடியவில்லை. 2021, 2022-இல் லாவண்டரின் தாய்வீடான பிரான்சிலேயே எண்ணெய் தேவைக்கு மேல் குவிந்து விலை சரிந்தது. பல்கேரியா ஏற்கெனவே பெரிய போட்டி. பிரெஞ்சு விவசாயிகள் செடியைப் பிடுங்கினார்கள். அரசாங்கம் உதவித் தொகை கொடுத்தது. பதர்வாவின் 10,000 ரூபாய் அந்தச் சந்தைக்கு அப்பால் தனியாக நிற்கிறது. உள்நாட்டுத் தேவை இருக்கும் வரை நிற்கும். நாற்று இலவசம், கருவி இலவசம் என்று விவசாயியின் செலவுப் பக்கத்தை அரசாங்கம் இளைக்க வைத்திருக்கிறது. விலைப் பக்கத்துக்கு அப்படி உத்தரவாதம் எதையும் நான் பார்க்கவில்லை.

அதனால் அந்த அறைக்குக் கடன் கேட்ட யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபுரானோவில் வாங்குகிறவர் போன பிறகுதான் பார்க்கிறவர் வந்தார். நடுவில் மூன்று வருடப் பட்டினி. பதர்வாவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறார்கள். அறுவடை முடிந்த ஜூலைக்குப் பிறகு அந்த அறை காலியாகக் கிடக்குமே என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. குளிர்காலத்தில் பனி பார்க்க வருகிறவர்களைக் கணக்கில் சேர்த்தால்தான் தவணை கட்ட முடியும்.

போக நினைப்பவர்களுக்கு: பூ ஜூனில் நன்றாக இருக்கும், ஜூலையில் அறுத்துவிடுவார்கள். ஜம்முவிலிருந்து விடியற்காலை கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். மழை பெய்தால் மலைப்பாதை மறிபடும், ஒரு நாள் கூடுதலாகக் கையில் வையுங்கள். வரப்பிலேயே நின்று படம் எடுக்கலாம், வரிசைக்குள் இறங்க வேண்டாம். வடிக்கும் இடம் இருந்தால் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஊட்டியில் தைலம் காய்ச்சும் கொட்டகை ஞாபகம் வரும். கைப்பிடி பூவுக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். எண்ணெய் 10 மில்லி பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், அதற்கு வாங்கிக்கொள்வார்கள்.