18 வயது நிறையாத பிள்ளை கைதானால்: முதல் 24 மணி நேரத்தில் பெற்றோர் அறிய வேண்டியவை

2022 ஜூலை 17 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில், பள்ளி மாணவி ஒருவரின் மரணத்துக்கு நீதி கேட்டுக் கூடிய கூட்டம் கலவரத்தில் முடிந்தது. பள்ளிப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. கைதான நூற்றுக்கணக்கானோரில் 18 வயது நிறையாத சிறுவர்களும் இருந்தார்கள். இப்படியொரு நாளில் நம் பிள்ளையும் சிக்கிக்கொண்டால், ஜமாஅத் பெரியவர்களை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடுவது நம் வழக்கம். போகும்போது கையில் இருக்க வேண்டியது பிள்ளையின் வயதுச் சான்று.

ஏனென்றால், சட்டத்தின் எந்தப் பாதையில் அவன் போகிறான் என்பதை வயதுதான் முடிவு செய்கிறது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, பள்ளியில் பதிவான பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழையே முதலில் ஏற்கிறது. அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்தப் பட்டியலில் இல்லை. கல்வராயன் மலையில் கரியாலூர் போன்ற ஊர்களில், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போன பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் இன்னும் பள்ளி அலமாரியிலேயே கிடக்கலாம். அதை இன்றே வாங்கி வைப்பது நல்லது. வயது தவறாகப் பதிவாகிவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், தீர்ப்பு வந்த பிறகும்கூட, சம்பவம் நடந்த நாளில் தான் சிறுவன் என்று நீதிமன்றத்தில் கோரலாம்.

சிறுவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது; விலங்கு மாட்டக் கூடாது; எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதில் பயண நேரம் சேராது. கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி வர வேண்டியவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள்; அந்த இருவரில் ஒருவராவது பெண். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவச சட்ட உதவி கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

ஜாமீனில் பெரியவர்களுக்கு உள்ள 'ஜாமீனில் விட முடியாத குற்றம்' என்ற தடை சிறுவனுக்கு இல்லை. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதி கெடும் என்று குழுமம் காரணத்தை எழுதினால்தான் மறுக்க முடியும். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாத ஏழைக் குடும்பத்துக்கு அதைத் தளர்த்தித் தரவும் இடமுண்டு.

"பெரிய கேஸ், பெரியவர்களோடு சேர்த்து விசாரிப்பார்கள்" என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்றுள்ள கொடுங்குற்றங்களில், அதுவும் 16 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே, முதற்கட்ட மதிப்பீடு செய்து வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அதிகபட்சத் தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் குறைந்தபட்சம் குறிப்பிடப்படாத குற்றம் அந்த வகையில் சேராது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மற்ற வழக்குகளில் குழுமம் விதிக்கக்கூடியது, அதிகம் போனால் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம்.

சட்டம் இவ்வளவு சொல்வதால் நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான். இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகே, இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு நபர் குழு அமைத்தது. பிள்ளை இல்லத்தில் இருந்தால், தவறாமல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உடலில் காயம் தெரிந்தால் அன்றே குழுமத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வளைகுடா வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இது தடையாகுமா என்பது நம் வீடுகளில் எழும் அடுத்த கேள்வி. குழுமம் முடித்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. ஆனால் நம் கைப்பேசியில் பரவிய படத்தை யார் அழிப்பது? சிறுவனின் பெயர், முகம், ஊர், பள்ளியை வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். 'துஆ செய்யுங்கள்' என்ற நல்ல எண்ணத்தோடும் அதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.