சொந்தக்காரரைத் தெரியாத பூட்டு

1986ஆம் ஆண்டு கார்வெட் காரின் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் தண்டில் கறுப்பாக ஒரு சின்ன வில்லை பதிந்திருக்கும். அதற்குள் இருப்பது ஒரு ரெசிஸ்டர். ரேடியோ ரிப்பேர் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்குமே, அதே சமாச்சாரம்தான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் வாட்ஸ். சாவியைப் போட்டுத் திருப்பியதும் பூட்டுக்குள் இருக்கும் இரண்டு உலோக முனைகள் அந்த வில்லையைத் தொடும். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் ஸ்டீயரிங் தண்டுக்குள் இறங்கி டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டி மின்தடையை அளக்கும். அளவு சரியென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் எரிபொருளுக்கும் அனுமதி. தப்பென்றால் இரண்டும் கிடையாது. ‘செக்யூரிட்டி’ என்று ஒரு விளக்கு எரியும். மறுபடி முயற்சி செய்ய நான்கு நிமிடம் வரை காத்திருக்க வேண்டும்.

மொத்தம் 15 விதமான ரெசிஸ்டர்கள். 402 ஓமில் ஆரம்பித்து 11,800 ஓமில் முடியும். வெறும் 15தானா என்று இன்று சிரிப்பு வரலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். திருடன் 15 சாவிகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும், ஒவ்வொரு தப்புக்கும் நான்கு நிமிடம் என்றால், அதிர்ஷ்டமில்லாத நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அடுத்தவன் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தத் திருடனும் அவ்வளவு நேரம் உட்காரமாட்டான். பூட்டின் பலம் ரெசிஸ்டரில் இல்லை, அந்த நான்கு நிமிடத்தில் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொறியியல்.

சிக்கல் சில வருடங்கள் கழித்து வந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் பூட்டு உருளையும் சேர்ந்து திரும்பும். அந்த இரண்டு வயர்களும் கூடவே மடங்கும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை, பத்து வருடம். தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள் உள்ளுக்குள்ளேயே ஒவ்வொன்றாக அறுந்தன. வில்லையின் மேல் அழுக்குப் படிந்தாலும் அளவு மாறியது. ஒரு நாள் உரிமையாளர் தன் சொந்தச் சாவியைப் போட்டுத் திருப்புவார், விளக்கு எரியும், கார் அசையாது. இப்போது அந்த நான்கு நிமிடம் அவருக்கு. ஐந்தாவது நிமிடம் மறுபடி திருப்புவார். மறுபடி நான்கு நிமிடம்.

பழைய கார்வெட் வைத்திருப்பவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம்தான் எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் வரக் காரணம். மல்டிமீட்டரை எடுத்துத் தன் சாவியின் வில்லையை அளப்பார்கள். அதே மதிப்புக்கு ஒரு ரெசிஸ்டர் வாங்குவார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, அந்த இரண்டு வயர்களையும் வெட்டி, பெட்டிக்குப் போகும் முனைகளில் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுவார்கள். இனி பெட்டிக்கு எப்போதும் சரியான சாவிதான் தெரியும். கார் கிளம்பும். பூட்டு செத்தது. அதாவது, திருடன் செய்ய முடியாதபடி நிறுவனம் கட்டிய வேலையை, உரிமையாளர் தன் காருக்குத் தானே செய்து முடித்தார். இம்மொபிலைசரின் வரலாறு நெடுக இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வயர்களும் சிப்புகளும்தான் மாறுகின்றன.

*

கார் திருட்டு காரைப் போலவே பழசு. அமெரிக்காவில் 1919லேயே திருட்டு வண்டியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தண்டிக்க டயர் சட்டம் என்று தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டத்தை முன்மொழிந்தவர் பெயர் டயர். ரப்பர் டயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி காருக்கு இருபத்துச் சொச்சம் வகைச் சாவிகள்தான் இருந்தன. சாவியின் எண் சாவியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

அதன்பின் வந்த பெரிய மாற்றம் ஸ்டீயரிங் பூட்டு. மேற்கு ஜெர்மனி 1963இல் புதிய கார், பழைய கார் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா 1970இலும் பிரிட்டன் 1971இலும் புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தன. இவையெல்லாம் இரும்புப் பூட்டுகள். இரும்புப் பூட்டில் ஒரு நேர்மை உண்டு. மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டது கைக்குத் தெரியும். கொஞ்சம் எண்ணெய் விடலாம், ஆட்டிப் பார்க்கலாம், தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்பவரைக் கூப்பிடலாம். அவருக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை, பூட்டைப் பற்றித் தெரிந்தால் போதும்.

மின்னணுப் பூட்டு அப்படிப் பேசாது. ஒரு விளக்கு எரியும், அல்லது அதுவும் எரியாது. அவ்வளவுதான்.

*

இம்மொபிலைசரை உலகம் முழுக்கப் பரப்பியது கார் நிறுவனங்களின் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் தள்ளியவர்கள் காப்பீட்டு நிறுவனத்தார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஜெர்மனியில் கார் திருட்டு மளமளவென்று ஏறியது. எல்லை திறந்துவிட்டது, கிழக்கே சந்தை காத்திருந்தது. நஷ்டஈடு கொடுத்துக் கொடுத்துச் சலித்த ஜெர்மன் காப்பீட்டு நிறுவனங்கள் மின்னணுப் பூட்டு வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தன. 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அதன்படி 1998 அக்டோபர் முதல் ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் இம்மொபிலைசர் கட்டாயம். ஆஸ்திரேலியா 2001இலும் கனடா 2007இலும் பின்தொடர்ந்தன.

இதற்குள் ரெசிஸ்டர் போய் டிரான்ஸ்பாண்டர் வந்திருந்தது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் இருக்கும். அது உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, கார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும். உரசல் இல்லை, அறுந்துபோகும் வயர் சாவிப் பக்கம் இல்லை. வாட்ஸின் பலவீனத்துக்கு நேரடியான மருந்து.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான தரவை வைத்து வான் அவுர்ஸ், வோலார்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, இம்மொபிலைசர் கார் திருட்டைச் சராசரியாக 40 சதவீதம் குறைத்தது என்கிறது. குற்றத்தைக் குறைக்க எத்தனையோ திட்டங்கள் போடுகிறார்கள். ஒரு சிப் இவ்வளவு செய்தது பெரிய விஷயம்.

ஆனால் இந்த 40க்கு எதிரே வைக்க ஒரு எண் இல்லை. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். கடவுச்சொல் பக்கம் கட்டும் எவருக்கும் தெரியும், பூட்டு இரண்டு விதமாகத் தப்புச் செய்யும்: தவறான ஆளை உள்ளே விடலாம், சரியான ஆளை வெளியே நிறுத்தலாம். ஒன்றை இறுக்கினால் மற்றது கூடும். கார் திருடுபோனால் போலீஸ் புகார் இருக்கும், காப்பீட்டுக் கோரிக்கை இருக்கும், வருடக் கடைசியில் அறிக்கை வரும். தன் காரே தன்னை ஏற்காமல் மழையில் நிற்பவருக்கு என்ன பதிவு இருக்கிறது? டோ வண்டிக்காரர் கொடுத்த ரசீது. முதல் தப்பின் செலவு காப்பீட்டு நிறுவனத்துடையது, அதனால் அது எண்ணப்பட்டது. இரண்டாவது தப்பின் செலவு உரிமையாளருடையது. அதை எண்ண ஆளில்லை.

*

ஸ்போர்ட்ஸ் கார்களில் இது இன்னும் மோசமாக விளையாடியது. காரணம் எளிது. தினசரி ஓட்டாத கார், பல மாதம் நிற்கும் கார், திறந்து மூடும் கூரை கொண்ட கார், இருபது முப்பது வருடம் ஆசையாக வைத்திருக்கும் கார்.

1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் இம்மொபிலைசர் பெட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. துணிக்கூரையில் விழும் மழைநீர் வெளியேறச் சின்னக் குழாய்கள் உண்டு. காய்ந்த இலைகள் அவற்றை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கும், கம்பளம் ஊறும், இருக்கைக்கு அடியில் தேங்கும். பெட்டி மூழ்கும். இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை, பெட்ரோல் இருக்கிறது, சாவியும் கையில் இருக்கிறது. இலை அடைத்த ஒரு குழாயால் கார் நின்றுவிடும்.

புதுப் பெட்டி வாங்கிப் போட்டால் தீருமா? தீராது. சாவிகளும் இன்ஜின் கணினியும் பழைய பெட்டியின் ரகசிய எண்களோடுதான் பேசும். டீலரிடம் போய் அந்த எண்களைப் பெற்றுப் புதுப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால், செத்த பெட்டியின் நினைவகச் சிப்பில் உள்ளதை அப்படியே வேறொரு பழைய பெட்டிக்கு நகலெடுத்துக் கொடுக்கும் நிபுணரைத் தேட வேண்டும். கார்வெட்காரர் மல்டிமீட்டரோடு செய்ததுதான். இப்போது அதற்குச் சிப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்ஷேயில் இன்னொரு வேடிக்கை. பேட்டரி முன்பக்கத்து மூடிக்கு அடியில். பின்னால் வந்த மாடல்களில் அந்த மூடியைத் திறப்பது மின்சாரம். பேட்டரி செத்தால் மூடி திறக்காது. மூடி திறந்தால்தான் பேட்டரியைத் தொட முடியும். நல்லவேளை, இதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஓட்டுநர் காலடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஒரு முனை உண்டு. அதற்கு வெளி பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் மூடி திறக்கும்.

இந்த மாதிரி அவசர வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலிக்காரர்கள் செய்தது. 1990களின் நடுவில் ஃபியட் குழுமத்துக் கார்களோடு ஓர் அட்டை வந்தது. அதில் ஐந்து இலக்க எண். சாவியின் சிப் பேசாவிட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்துவிட்டு, காலை எடுத்தபின் டாஷ்போர்டு விளக்கு மின்னுவதை எண்ண வேண்டும். முதல் இலக்கம் நான்கு என்றால் நான்காவது மின்னலில் மறுபடி மிதிக்க வேண்டும். இப்படியே ஐந்து இலக்கங்களும். சரியாக மிதித்தால் இன்ஜின் கிளம்பும். காலால் கடவுச்சொல் போடுவது. மெதுவான, கேலிக்குரிய வழிதான். ஆனால் அந்தப் பொறியாளர் ‘என் சிப் ஒரு நாள் தோற்கும், அப்போது உரிமையாளர் என்ன செய்வார்’ என்று கேட்டிருக்கிறார். அதற்கான விடையைச் சேவை மையத்தில் வைத்துக்கொள்ளாமல் உரிமையாளரின் கையிலேயே கொடுத்திருக்கிறார்.

*

இன்னொரு வழியும் இருந்தது: ரகசியம் காப்பது. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் சொல்லாமல் இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்எஸ்ஏ ஆய்வகத்தோடு சேர்ந்து, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 40 பிட் சிப்பை உடைத்துக் காட்டினார்கள். மெகாமாஸ் என்ற இன்னொரு சிப்பின் பலவீனத்தை மூன்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது, ஃபோக்ஸ்வாகன் 2013இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை இரண்டு வருடம் கழித்து, ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு வெளிவந்தது. ஆய்வாளர்கள் அந்த ரகசியத்தை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? சாவி நகலெடுப்பவர்களுக்காகச் சந்தையில் விற்ற ஒரு மென்பொருளிலிருந்து. அது 2009 முதலே கிடைத்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கத் தயாரான எவருக்கும் ரகசியம் திறந்தே கிடந்தது. தன் காரைத் தானே சரிசெய்ய நினைத்த சாதாரண உரிமையாளருக்கு மட்டும்தான் அது ரகசியமாக இருந்தது.

*

அப்படியானால் இந்தப் பூட்டே வேண்டாமா? அதற்கும் வரலாறு பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இம்மொபிலைசர் இன்றுவரை சட்டப்படி கட்டாயமில்லை. 2015 மாடல் கார்களில் மற்ற நிறுவனங்கள் 96 சதவீத கார்களில் அதைப் பொருத்தியிருந்தபோது, ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்துக்கு மட்டுமே இருந்தது. 2022 வாக்கில் ஒரு யூஎஸ்பி முனையை வைத்து அவற்றைக் கிளப்பும் வித்தை டிக்டாக்கில் பரவியது. பள்ளிப் பிள்ளைகள் கார் திருடினார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்குச் சொன்னபோது, இதோடு தொடர்புடைய விபத்துகள் குறைந்தது 14, சாவுகள் எட்டு. 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் தரவேண்டி வந்தது. சில்லறை விலைச் சிப்பை மிச்சம் பிடித்ததற்கு அந்த எட்டுக் குடும்பங்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

ஆகவே பூட்டு வேண்டும். எனக்குள்ள வழக்கு வேறு. இந்தப் பூட்டுகள் எதற்கும் உரிமையாளரைத் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது ஒரு மின்தடை, ஒரு எண், ஒரு சிப்பின் பதில். அந்த அடையாளம் தேய்ந்தால், ஊறினால், தொலைந்தால், உரிமையாளரும் திருடனும் பூட்டின் கண்ணில் ஒன்றுதான். அது இயந்திரத்தின் குற்றமில்லை. அந்த நாள் வரும் என்று தெரிந்தும் அவருக்கு என்ன வழி வைத்தோம் என்பதுதான் கேள்வி. கார்வெட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போதுமாக இருந்தது. பாக்ஸ்டருக்கு ஒரு நிபுணர் வேண்டியிருக்கிறது. இன்று ஃபோனால் திறந்து, நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு அனுமதி வாங்கும் கார்கள் ஓடுகின்றன. 1986 கார்வெட் நாற்பது வயதை எட்டிவிட்டது, இன்னும் ஓடுகிறது. இந்தக் கார்களுக்கு நாற்பது வயதாகும்போது அந்த சர்வர் இருக்குமா? இல்லாமல் போனால், டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பற்றவைக்க அங்கே இரண்டு வயராவது இருக்க வேண்டும்.