திருகாணி போன காலம்

அலுவலகத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கேபிளுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் திருகாணி, பிரிண்டர் பக்கம் கம்பிக் கொக்கி. இழுத்தாலும் வராது. 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. வந்தது, திருகாணி மெல்ல மறைந்தது. அதை உருவாக்கியவர்களில் இன்டெல்லின் அஜய் பட் ஒருவர், பரோடாவில் படித்தவர்.

போன மாதம் பேரன் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கொரு தரம் தொடர்பு அறுந்தது. டிஸ்க் போச்சு என்றாள் மனைவி. எனக்கும் வயிறு கலங்கியது. யூ.எஸ்.பி. 2.0 தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்தான். சுழலும் தட்டுக்கு அதுவே இழுபறி. நான் போட்டிருந்ததோ நீள எக்ஸ்டென்ஷன் கேபிள். வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும் (பம்ப்செட்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்!). குட்டைக் கேபிளைப் பெட்டியின் பின்பக்கம் செருகினேன். ராத்திரி முழுக்க நகல் ஓடியது, ஒருதரமும் அறவில்லை.