தகரப் பெட்டிக்குள் இருக்கும் சட்டம்
உயில், வக்ஃபு, வாரிசுரிமை: நம் முன்னோர் கண்ட நீதிமன்றங்கள்

நம் வீடுகள் பலவற்றில் ஒரு பழைய தகரப் பெட்டி உண்டு. ரஜூலா கப்பலில் வந்த வாப்பாவின் பாஸ்போர்ட், ஊரில் வாங்கிப் போட்ட நிலத்தின் பத்திரம், இங்கே கடை எடுத்தபோது எழுதிய ஒப்பந்தம், நிக்காஹ் தஃப்தரின் நகல் எல்லாம் அதற்குள் இருக்கும். பெரும்பாலும் ஒரு மவுத்துக்குப் பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறக்கிறோம். இவை யாருக்கு, எந்தச் சட்டப்படி என்ற கேள்வியும் அன்றுதான் எழுகிறது.

சங்கத்தின் ஐம்பதாண்டுப் பணிகளை இம்மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கேள்வியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். நம் முன்னோர் கப்பல் ஏறியபோது மார்க்கமும் கூடவே வந்தது. ஆனால் மார்க்கம் சொன்ன பங்கை நீதிமன்றம் ஏற்குமா என்பது அவர்கள் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள், எந்த ஊரில் சொத்து வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது.

ஒரே கம்பெனி, மூன்று கரைகள்

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்கள் பினாங்கில் காலூன்றியபோது அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. சென்னையிலும் அதே கம்பெனிதான். ஆனால் சட்டம் ஒன்றாக இல்லை. 1781ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டம், கல்கத்தாவில் முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்குகளை முஸ்லிம் சட்டப்படியே தீர்க்க வேண்டும் என்றது. சென்னைக்கும் பின்னர் அதே நெறி வந்தது. நீதிபதிக்கு மார்க்கச் சட்டம் எடுத்துச் சொல்ல, 1864 வரை இந்திய நீதிமன்றங்களில் காஜிகளும் மௌலவிகளும் அமர்த்தப்பட்டிருந்தார்கள்.

இலங்கையில் வேறு வழி. டச்சுக்காரர்கள் பத்தேவியாவில் தொகுத்த முஸ்லிம் சட்டக் குறிப்புகள் அங்கே வந்து, உள்ளூர் முஸ்லிம் தலைவர்களின் பார்வைக்குப் போய், பிரிட்டிஷ் ஆட்சியில் 1806இல் முகம்மதியச் சட்டத் தொகுப்பாக வெளிவந்தன.

பினாங்கிலோ 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தின் மூலம் நீதிமன்றம் வந்தது. அந்தச் சாசனத்தோடு ஆங்கிலச் சட்டமும் வந்துவிட்டது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 1835இல் அப்துல்லா என்பவரின் சொத்து பற்றிய வழக்கில், பினாங்கு முஸ்லிம் ஒருவர் தம் சொத்து முழுவதையும் உயில் மூலம் விரும்பியவருக்குக் கொடுக்கலாம் என்று தீர்ப்பானது. வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற நம் சட்டம் அங்கே செல்லவில்லை. 1871இல் ஃபாத்திமா – லோகன் வழக்கிலும் ஆங்கிலச் சட்டமே அளவுகோல் என்பது உறுதியானது.

ஆகவே நாகூரில் இருந்த அண்ணன் ஒரு சட்டத்திலும், பினாங்கில் இருந்த தம்பி இன்னொரு சட்டத்திலும் வாழ்ந்தார்கள். இருவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்தான்.

கந்தூரிக்கு எழுதி வைத்த வீடு

உயிலைவிடவும் நம்மவரை அதிகம் பாதித்தது வக்ஃபு பற்றிய தீர்ப்புகள். ஒரு வீட்டை வக்ஃபு செய்து, அதன் வாடகையில் ஆண்டுதோறும் கந்தூரி நடத்தி ஏழைகளுக்கும் உறவினருக்கும் சோறு போட வேண்டும் என்று எழுதி வைப்பது அக்காலச் செல்வந்தர்களின் வழக்கம். ஆங்கிலச் சட்டத்திலோ, சொத்தை முடிவே இல்லாத காலத்துக்குக் கட்டிப் போடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பொது நன்மைக்கான தருமத்துக்கு மட்டுமே அதில் விலக்கு. கந்தூரி அப்படிப்பட்ட தருமமா என்ற கேள்வி, மஸ்தான் பீ – ஷீனா தம்பி என்று தீர்ப்புத் தொகுப்பில் பதிவான 1882ஆம் ஆண்டு வழக்கில் எழுந்தது. இல்லை என்பதே பதில். எழுதி வைத்தது செல்லாமல் போயிற்று.

இது நம்மவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1875இல் பினாங்கிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற சீனக் குடும்ப வழக்கொன்றில், மறைந்த முன்னோருக்குச் சடங்கு செய்ய ஒதுக்கிய சொத்தும் இதே காரணத்தால் செல்லாது என்றாயிற்று. கடல் கடந்து வந்த இரண்டு சமூகங்களின் பக்தியும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டு, இரண்டும் எடை குறைந்ததாகச் சொல்லப்பட்டன.

இந்தியாவிலும் சிக்கல் வந்தது. குடும்பத்தாரின் நலனுக்காகச் செய்த வக்ஃபு செல்லாது என்று 1894இல் அபுல் ஃபத்தா வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது. முஸ்லிம்களிடையே எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1913இல் வக்ஃபைச் செல்லுபடியாக்கும் சட்டம் இந்தியாவில் வந்தது. அந்தச் சட்டத்தின் கை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எட்டவில்லை. ஊரில் செல்லும் வக்ஃபு இங்கே செல்லாத நிலை நீடித்தது.

ரயில் ஏறினால் சட்டம் மாறும்

பினாங்கிலிருந்து நம்மவர் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் வந்தபோது கதை மாறியது. சிலாங்கூர் பிரிட்டிஷ் காலனி அன்று. 1874இல் ரெசிடென்ட் வந்தார், 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களில் சிலாங்கூரும் சேர்ந்தது. ஆனால் ஆட்சி சுல்தானின் பெயரிலேயே நடந்தது. ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவரும் அரச சாசனம் எதுவும் இங்கே இல்லை.

1915இல் ஷேக் அப்துல் லத்தீஃப் – ஷேக் எலியாஸ் பக்ஸ் வழக்கு கூட்டு மலாய் மாநில நீதிமன்றத்துக்கு வந்தது. முஸ்லிம் ஒருவரின் உயில் உரிமைக்கு எல்லை உண்டா என்பதே கேள்வி. உண்டு, இங்கே முஸ்லிம் சட்டமே பொருந்தும் என்றது நீதிமன்றம். பினாங்கில் எண்பது ஆண்டுகளாக மறுக்கப்பட்ட மூன்றில் ஒரு பங்கு விதி இங்கே நிலைபெற்றது.

இதன் விளைவை ஒரு கணக்கால் காணலாம். 1920ஆம் ஆண்டு, ஒரு வணிகருக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வீடு, கோலாலம்பூர் பத்து ரோட்டில் ஒரு வீடு. மனைவியும் மக்களும் இருக்க, இரண்டையும் தம் தம்பி மகனுக்கே உயில் எழுதிவிட்டு மவுத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். பினாங்கு வீடு முழுவதும் தம்பி மகனுக்குப் போகும். கோலாலம்பூர் வீட்டில் அவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காது, மீதி வாரிசுகளுக்கு. எழுதிய கையும் மையும் ஒன்றுதான். வீடு நின்ற மண் வேறு.

1927ஆம் ஆண்டின் ரமா – லாத்தோன் வழக்கு இதைவிட முக்கியமானது. சிலாங்கூர் மலாய்க் குடும்பமொன்றில், கணவன் மனைவி சேர்ந்து தேடிய சொத்தில் விதவைக்குப் பங்கு உண்டா என்பது பற்றிய வழக்கு அது. வெளிநாட்டுச் சட்டம் பற்றிய கேள்வி வந்தால், ஆங்கில மரபில் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பிரெஞ்சுச் சட்டம் தேவைப்பட்டால் பிரெஞ்சு வழக்கறிஞரைக் கூண்டில் ஏற்றுவார்கள். முஸ்லிம் சட்டத்துக்கும் அப்படிச் சாட்சி வேண்டுமா? வேண்டியதில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். முஸ்லிம் சட்டம் இங்கே அந்நியச் சட்டமன்று, இம்மண்ணின் சட்டம், அதை அறிந்து சொல்வது நீதிபதியின் கடமை என்று தீர்ப்பளித்தது.

சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை இன்றும் படிக்கிறார்கள். வந்தேறிகள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பொருளும் உண்டு. நம் வாப்பாமார்கள் கொண்டுவந்தவற்றுள் ஒன்றை இந்த நாட்டு நீதிமன்றம் தன்னுடையது என்றே சொன்னது.

பினாங்கிலும் மெல்ல மாற்றம் வந்தது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்தை முஸ்லிம் சட்டப்படி பங்கிடலாம் என்பது 1924 ஜனவரி 1 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தது.

நமக்குள்ளேயே இரண்டு

இதுவரை சொன்னது மார்க்கச் சட்டத்துக்கும் ஆங்கிலச் சட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு. நமக்குள்ளும் வேறுபாடு உண்டு. கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. மலாய் உலகம் ஷாஃபி. வயது வந்த பெண் வலீ இல்லாமல் நிக்காஹ் செய்துகொள்வதை ஹனஃபி சட்டம் ஏற்கிறது, ஷாஃபி சட்டம் ஏற்பதில்லை. 1878இல் சல்மா – சூலோங் வழக்கில், பருவம் அடைந்த ஷாஃபி பெண் ஹனஃபி மத்ஹபுக்கு மாறி வலீயின் சம்மதமின்றி மணம் செய்யலாம் என்று நீரிணைக் குடியேற்ற நீதிமன்றம் சொன்னது.

இன்றைய கூட்டரசுப் பிரதேசச் சட்டத்தில் முஃப்தி ஃபத்வா கொடுக்கும்போது முதலில் ஷாஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்தைப் பின்பற்ற வேண்டும். அது பொதுநலனுக்கு மாறாக இருந்தால் ஹனஃபி, மாலிக்கி, ஹன்பலி கருத்துகளையும் எடுக்கலாம். நான்கு மத்ஹபுகளுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்சும் கிள்ளானும்

1952இல் சிலாங்கூரில் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் இயற்றப்பட்டது. மஜ்லிஸ், பைத்துல்மால், மார்க்க நீதிமன்றம், வக்ஃபு நிர்வாகம் அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. தமிழ்நாட்டில் வக்ஃபு வாரியத்தின் மேற்பார்வையில் முத்தவல்லிகள் நிர்வாகம் செய்கிறார்கள். இங்கேயோ வக்ஃபு சொத்தின் ஒரே அறங்காவலர் மஜ்லிஸ். தமிழில் ஜும்ஆ பயான் நடக்கும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா போன்ற பள்ளிகளும் நம் சுராவ்களும் இந்த அமைப்புக்குள் இருந்தே இயங்குகின்றன.

அப்போது கோலாலம்பூரும் சிலாங்கூரின் பகுதி. 1974 பிப்ரவரி 1 அன்று அது கூட்டரசுப் பிரதேசமானது. அன்று முதல் பிரிக்ஃபீல்ட்சில் இருக்கும் அக்காவும் கிள்ளானில் இருக்கும் தங்கையும் இரண்டு மார்க்க நிர்வாகங்களின் கீழ் வந்தார்கள். குடும்பச் சட்டமும் தனித்தனி: கூட்டரசுப் பிரதேசத்துக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம், சிலாங்கூருக்கு இப்போது 2003ஆம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலான விதிகள் ஒத்தவை என்றாலும் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது.

1988இல் அரசமைப்பின் 121ஆம் பிரிவில் 1ஏ உட்பிரிவு சேர்ந்தது. மார்க்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயங்களில் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்றானது. ஆனாலும் ஒரு மவுத்துக்குப் பிறகு இரண்டு வாசல்களையும் நாம் மிதிக்க வேண்டியிருக்கிறது. யாருக்கு எத்தனை பங்கு என்ற ஃபராயிள் சான்றிதழை மார்க்க நீதிமன்றம் கொடுக்கும். சொத்தை நிர்வகித்துப் பெயர் மாற்றும் ஆணைக்கு நில அலுவலகம் வழியான சிறுசொத்துப் பிரிவோ உயர் நீதிமன்றமோதான்.

பெட்டியைத் திறப்போம்

இந்த வரலாறு நம் வீட்டுப் பெண்களைத்தான் முதலில் தொடுகிறது. ஃபராயிள்படி, மக்கள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. இரண்டு மனைவியர் இருந்தால் அந்த எட்டில் ஒன்றையே பகிர வேண்டும்; ஆளுக்குப் பதினாறில் ஒன்று. ஒருவர் ஊரிலும் ஒருவர் இங்கும் என்ற குடும்பங்கள் நம்மிடையே இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊர் நிக்காஹ் இங்கே பதியப்படாவிட்டால், ஜமாஅத் தஃப்தரின் அந்த ஒரு பக்கமே ஊரில் இருந்த பெண்ணுக்குச் சான்று. அது தொலைந்தால் அவர் பதினாறில் ஒன்றுக்கும் போராட வேண்டும்.

1927 வழக்கின் கேள்வியும் நம் பெண்களுக்கு உரியது. சேர்ந்து தேடிய சொத்தில் மனைவிக்குள்ள பங்கை இந்த நாட்டு மார்க்க நீதிமன்றங்கள் ஏற்கின்றன. மலாய் வழக்காற்றிலிருந்து வந்த இந்த உரிமைக்கு இந்திய முஸ்லிம் சட்டத்தில் நேர் இணை இல்லை. உணவுக்கடையில் மசாலா அரைத்து, கல்லாவில் அமர்ந்து, கணக்கெழுதிய எத்தனையோ உம்மாமார்களுக்கு இப்படியொரு உரிமை இருப்பதே தெரியாது. வாரிசுப் பங்குக்கு முன்பே கோர வேண்டிய உரிமை இது.

ஆகவே உறுப்பினர் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். இப்பொன்விழா ஆண்டில் பெட்டியை, பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திறவுங்கள். நிக்காஹ் பதிவு, நிலப் பத்திரம், ஊர்ச் சொத்து, வக்ஃபு எழுத்து எதுவும் ஒருவர் நினைவில் மட்டும் இருக்க வேண்டாம். வஸிய்யத் எழுத நினைப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குள் எழுதுங்கள். மனைவி மக்களுக்குத் தெரிய எழுதுங்கள். தருமம் செய்ய நினைப்பவர்கள் மஜ்லிஸில் முறைப்படி வக்ஃபு செய்யுங்கள்.

1882இல் கந்தூரிக்கு எழுதி வைத்தவரின் நிய்யத்தில் குறை இருந்ததாக நாம் நினைக்கவில்லை. எந்தச் சட்டம் அதைப் படிக்கப்போகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நமக்குத் தெரியும். நமக்குப் பின் வருகிறவர்கள் நீதிமன்றப் படிகளில் நின்று ஒருவரையொருவர் பாராமல் போகும் நிலை வராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.