மண்மேல் எழுதும் சித்திரம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ளது வலியசாலை. சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள் நீள வரிசையாய் நிற்கும் தமிழ் அக்கிரகாரம் அது. புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்தது என்பர் அறிஞர் சிலர். விழிஞத்தின் பக்கம் என்பாரும் உளர். 866ஆம் ஆண்டில் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கருக்கு ஒரு சாலை நிறுவியபொழுது காந்தளூர் முறையையே பின்பற்றினான். முதலாம் இராசராசன் காந்தளூர் வெற்றியைத் தன் மெய்க்கீர்த்தியில் பொறித்தான். செம்பிலும் கல்லிலும் இத்தனை எழுதியும் சாலை இருந்த இடம் வழக்கிற்கிடமாகிவிட்டது. அதே வலியசாலை வாசல்களில் மாவினால் எழுதும் கோலமோ, மாலைக்குள் அழிந்தும் மறுநாள் விடியலில் மீண்டு வந்திருக்கிறது.

கோலமிடுவதை நேயர்கள் அறிவர். ஆயினும் ஒருமுறை நின்று பார்க்கத்தகும். சாணநீர் தெளித்த ஈரத்தரையில் புள்ளி வைத்து, விரலிடுக்கில் மாவு நழுவ, கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலே கூடவேண்டும். அளவுகோல் கிடையாது. அரிசிமாவு எறும்புக்கு உணவு. (கல்மாவு இடுவோர் எறும்பை ஏமாற்றுகின்றனர்!) 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் இக்கோலங்களுக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர்.

மலையாளத்தாரும் இக்கலையில் நமக்கு இளைத்தவரல்லர். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் முற்றத்தில் பூக்களம் இடுவர். களமெழுத்திலோ, அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த செம்பொடி ஆகிய ஐவண்ணத்தால் தெய்வ உருவை எழுதிப் பாடி, முடிவில் தாமே அழித்துவிடுவர். 1970இல் ராபர்ட் ஸ்மித்சன் என்பார் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியில் கல்லும் மண்ணும் கொட்டிச் சுருள்வடிவில் ஒரு கரை அமைத்தார். சில ஆண்டுகளில் அது நீரில் மூழ்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. கலையுலகம் அதனைப் புதுமை என்றது. வலியசாலைப் பாட்டிமார் கேட்டிருந்தால் சிரித்திருப்பர்.

1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. வலியசாலைத் தமிழர் வீட்டை விட்டு அசையாமலே வெளிமாநிலத்தவராயினர். நாமோ வீட்டை விட்டே வந்தவர்கள். மும்பையிலும் தில்லியிலும் அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்கு வாசல் என்பது மின்தூக்கிக்கும் கதவுக்கும் இடையே இரண்டு முழம். மாவு சிந்தலாகாதென்று ஒட்டுத்தாள் கோலம் வாங்குகிறோம். அழியாத கோலத்தை மறுநாள் எழுதுவார் யார்? பெண்மக்களின் கைக்குப் பழக்கம் விட்டுப்போகிறது. வலியசாலைப் பக்கம் செல்லும் அன்பர்கள் மார்கழியில் செல்லுக; விடியுமுன் எழுந்து, அங்கே இன்னும் கோலமிடும் மூதாட்டி ஒருவர் அருகில் பிள்ளைகளை அமர்த்தி, ஏழு புள்ளிக் கம்பிக்கோலம் ஒன்றேனும் கற்றுவரச் செய்க.