நான்கு கதவு முதல் நான்கு மீட்டர் வரை

இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் ஓடிய கார், சென்னைத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. 1961-ல் அறிமுகமானபோது அதற்கு இரண்டே கதவுகள். பின்னால் உட்கார வேண்டுமானால் முன்சீட்டை மடக்கிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். கணவனும் மனைவியுமாக ஊர்சுற்ற அது போதும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளோடு கல்யாணத்துக்குக் கிளம்பும் வீட்டுக்குப் போதாது. 1960-களின் பிற்பகுதியில் ஸ்டாண்டர்டு நிறுவனம் அந்தக் காருக்கு நான்கு கதவுகளை வைத்தது. அப்படியொரு ஹெரால்டு இங்கிலாந்தில் தயாரானதே இல்லை.

வாங்குபவரின் குடும்பத்தைப் பார்த்து வண்டியை மாற்றியதற்கு இது ஓர் ஆரம்பகால உதாரணம். ஆனால் அந்தக் காலத்தில் வாங்குபவரைப் பொருட்படுத்த வேண்டிய அவசியம் கம்பெனிகளுக்கு அதிகம் இருக்கவில்லை. எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதை அரசின் லைசென்ஸ் தீர்மானித்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. இந்த மூன்றைத் தாண்டினால் தேர்வு என்று சொல்ல எதுவுமில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் இருந்த ஒரே கேள்வி, “வண்டி எப்போ வரும்?”

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 கைமாறியது. ஜப்பானின் சுஸுகியோடு அரசு நிறுவனம் சேர்ந்து தயாரித்த 796 சிசி கார் அது. எடை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு, சாவியைத் திருப்பியதும் கிளம்பும். “மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?” என்ற கேள்வி கார் வாங்குபவரின் முதல் கேள்வியானது இதற்குப் பிறகுதான்.

1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானதும் வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசைகட்டி வந்தன. தேவூ சீலோ, ஓப்பல் ஆஸ்ட்ரா, ஃபோர்டு எஸ்கார்ட் எல்லாம் வேறு நாட்டுச் சந்தைகளுக்காக உருவானவை. வெளிநாட்டுப் பெயர் இருந்தால் இந்தியர்கள் வாங்கிவிடுவார்கள் என்ற கணக்கு பலிக்கவில்லை.

அந்தக் கணக்கைத் திருத்தி எழுதியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்த ஹூண்டாய், கொரியாவின் அடோஸ் காரை இந்தியாவுக்கென மாற்றி, 1998 செப்டம்பரில் சான்ட்ரோவாக வெளியிட்டது. கூரை உயரமான அந்த உருவத்தைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர்கள் பலர். உட்கார்ந்து பார்த்தவர்களோ மனம் மாறினார்கள். புடவை கட்டியவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் குனிந்து நெளியாமல் ஏறி இறங்க முடிந்தது. மாருதி 800-ல் அப்போதும் கார்புரேட்டர்தான். சான்ட்ரோவிலோ எலெக்ட்ரானிக் எரிபொருள் இன்ஜெக்‌ஷன். 1999 இறுதியில் மாருதியும் வேகன் ஆர் என்ற உயரமான காரோடு களமிறங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஃபோர்டு, ஃபியஸ்டா காருக்கு டிக்கி சேர்த்து, ஐகான் என்ற பெயரில் மறைமலை நகரிலிருந்து கொண்டுவந்தது. டாடாவின் இண்டிகா இன்னொரு நாடித்துடிப்பைப் பிடித்தது: தாராளமான இடம், டீசல் இன்ஜின். தொடக்கத்தில் குவிந்த புகார்களைக் கேட்டுத் திருத்திய வி2, 2001-ல் வந்த பிறகே அந்தக் கார் நிலைத்தது.

2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். இந்தச் சலுகையைப் பெற, காரின் நீளம் நான்கு மீட்டரைத் தாண்டக்கூடாது. இன்ஜின் பெட்ரோலானால் 1,200 சிசி, டீசலானால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். டிக்கி வைத்த கார்தான் கௌரவம் என்று நினைத்த குடும்பங்களும் விலை குறைய வேண்டும் என்றே விரும்பின. இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிக்க, வடிவமைப்பாளர்கள் டிக்கியில் கை வைத்தார்கள். 2008-ல் 4,160 மில்லிமீட்டர் நீளத்தோடு வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-ல் 3,995 ஆகச் சுருங்கியது. குட்டை டிக்கி அழகைக் கெடுத்தது என்று விமர்சித்தவர்கள் உண்டு, விற்பனை குறையவில்லை. இன்றைய ஜிஎஸ்டியிலும் அந்த நான்கு மீட்டர் எல்லை தொடர்கிறது.

விலை குறைந்தால் மட்டும் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டாடாவின் நானோ சாட்சி. ஒரு லட்ச ரூபாய் கார் என்று 2008-ல் உலகமே திரும்பிப் பார்த்த அந்த வண்டியின் தயாரிப்பு பத்தே ஆண்டுகளில் நின்றது. மலிவான கார் என்ற முத்திரையோடு விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். இருசக்கர வாகனத்திலிருந்து காருக்கு மாறும் குடும்பம் மழைக்கு ஒதுங்க ஒரு கூரையை மட்டும் கேட்கவில்லை; நாலு பேர் மதிக்கும் வண்டியைக் கேட்டது.

அந்த மதிப்பை எஸ்யூவி தந்தது. குண்டும் குழியுமான சாலை, கணக்கில்லாத வேகத்தடைகள், உயரத்தில் உட்கார்ந்து ஓட்டும் தைரியம் எல்லாம் அதன் பக்கம் பேசின. 2013-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், நான்கு மீட்டருக்குள் எஸ்யூவி தோற்றத்தைக் கொடுத்து வழி திறந்தது. 2015-ல் ஹூண்டாய் கிரெட்டாவும் 2016-ல் மாருதி பிரெஸ்ஸாவும் எஸ்யூவி சந்தையில் வேகமாக வளர்ந்தன. ஃபோர்டோ, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இப்போது நாட்டில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் எஸ்யூவி உள்ளிட்ட யுடிலிட்டி ரகம்தான்.

கதவு, உயரம், நீளம், மைலேஜ் என்று வாங்குபவர் கேட்டதையெல்லாம் கம்பெனிகள் செய்து காட்டியிருக்கின்றன. தாமதமாகக் கேட்கப்பட்டது உயிர்ப் பாதுகாப்பு. 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்தியாவின் ஐந்து பிரபல கார்கள் பூஜ்ய ஸ்டார் வாங்கின. 2018-ல் டாடா நெக்ஸான் ஐந்து ஸ்டார் பெற்று, இங்கேயும் அது முடியும் என்று நிரூபித்தது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற சொந்தச் சோதனை முறையும் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது, சன்ரூஃப் உண்டா என்று விசாரிப்பதற்கு முன், “இந்த வண்டிக்கு எத்தனை ஸ்டார்?” என்று கேளுங்கள்.